தம்பியைத் தேடிய மைனஸ் கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன்னால், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு முழுக்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மைனஸ் எண்ணை மைனஸ் எண்ணால் பெருக்கினால் பிளஸ் எண் வரும் என்பதுதான் அன்றைய பாடம்.

கணக்கு டீச்சராக இருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த விதியை நிரூபித்துக் காட்ட எனக்கு நன்றாகவே தெரியும். வாய்பாடு மாதிரி வரிசையாக எழுதி, எண்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தால், கடைசியில் பிளஸ் வருவதைத் தவிர வேறு வழியே இல்லை என்று புரியவைத்துவிடலாம். பிள்ளைகளும் தலையை ஆட்டிவிடுவார்கள். ஆனால் எனக்கு அது எப்போதும் பலகையில் நடக்கிற ஒரு விஷயம்தான். வெளியே, தெருவில், கடையில், எங்கேயாவது அது நடந்து நான் பார்த்ததில்லை.

பாதி வகுப்பில், மேசை மேல் இருந்த என் செல்ஃபோன் அதிர ஆரம்பித்தது. எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பார்த்தால் என் தம்பி மனைவி. பள்ளி நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை அவள். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"அண்ணி, அவரு போட்டு மட்டும் தனியா மெதந்துகினு கீதாம். அவர காணோம். நீ வா அண்ணி."

அவ்வளவுதான் சொன்னாள். தலைமையாசிரியையிடம் எப்படிச் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையில் இன்னும் சாக்பீஸ் இருப்பதைப் பார்த்தேன்.

நான் பிறந்தது கடலோரக் குப்பத்தில்தான். கல்யாணம் ஆன பிறகு காலடிப்பேட்டையில் குடியிருக்கிறேன். அப்பா, சித்தப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். தம்பியும் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். சொந்தமாக ஒரு சின்ன ஃபைபர் போட் வைத்திருக்கிறான். வழக்கமாகக் கூட ஒருவர் போவார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். நண்டு வலைதானே, கரைக்குப் பக்கத்தில்தானே என்று தம்பி தனியாகவே விடியற்காலையில் கிளம்பிவிட்டான்.

கரையில் தூண்டில் வளைவு என்று நாங்கள் சொல்லும் கருங்கல் சுவர் ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கும். அலை அரிக்காமல் இருக்கப் போட்டது. அதன் பக்கத்தில் கூட்டமாக இருந்தது. தம்பி மனைவி மணலில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். அழவில்லை. கண்ணைக் கடலிலிருந்து எடுக்கவும் இல்லை. நான் போய்க் கையைப் பிடித்ததும் நடந்ததைச் சொன்னாள்.

காலை ஏழு மணிக்குத் தம்பி அவளுக்கு ஃபோன் செய்திருக்கிறான். "கடைசி வலைய இஸ்க்கப் போறேன். முடிச்சிட்டு வந்து துன்றேன், இட்லிய மூடி வை" என்றிருக்கிறான். அதற்கு அப்புறம் அவள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பத்து மணிவாக்கில் தம்பியின் தோஸ்து ஒருவன், அவனும் போட் வைத்திருப்பவன், காலடிப்பேட்டைக்கு நேராகக் கடலில் தம்பியின் போட் ஆள் இல்லாமல் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறான். எஞ்சின் மேலே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. ஃபோன் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பாதி வலை. மீதியைக் காணோம்.

"வலை அறுந்து போவல அண்ணி, கத்தியால அறுத்த மாதிரி கீதாம். அப்டின்னா அவருதான் அறுத்துக்கீறாரு" என்றாள். அந்த ஒரு விஷயத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தத் தோஸ்து புத்திசாலி. அவன் யோசித்தது இப்படி. நண்டு வலையின் இரண்டு முனையிலும் கல் கட்டி அடியில் இறக்கியிருப்பார்கள். அடையாளத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கேன் மிதக்கும். போட் எங்கே வேண்டுமானாலும் மிதந்து போகும், கல் கட்டிய வலை நகராது. தண்ணீரில் விழுந்தவன் கேனைத்தான் பிடித்துக்கொண்டிருப்பான். ஆகவே தம்பியின் வலை எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும். ஆனால் வலை போடுகிற இடத்தைத் தம்பி யாரிடமும் சொல்ல மாட்டான். நண்டு கிடைக்கிற இடத்தை யார்தான் சொல்வார்கள்?

"வெள்ளம் தெக்க போய்கினு கீது" என்று அவன் கரைக்கு ஃபோனில் சொல்லியிருக்கிறான். நீரோட்டத்தைத்தான் எங்கள் பக்கம் வெள்ளம் என்பார்கள். "மணிக்கு ஒரு மைல் மாதிரி இஸ்க்குது. ஏழு மணிக்குப் பேசினான், இப்ப பத்து. மூணு மணி நேரம் பின்னால போவணும். வடக்க மூணு மைல். எர்ணாவூர் பக்கம்தான் வலை கீது, நாங்க போறோம்."

இதைத் தம்பி மனைவி அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. அதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. கூடப் பிறந்தவனைக் கடலில் காணவில்லை. என் மனசு என்னடாவென்றால் ஒரு கணம் வகுப்பறைக்குப் போய் வந்தது. வெள்ளம் தெற்கே போகிறது, அது மைனஸ். நேரமோ பின்னோக்கிப் போகிறது, அதுவும் மைனஸ். விடை வடக்கே. பிளஸ். காலையில் நான் பலகையில் எழுதிவிட்டு வந்தது எனக்கு எதிரே கடலாக விரிந்து கிடந்தது.

அப்புறம் பயம் அந்த நினைப்பையெல்லாம் விழுங்கிவிட்டது.

நாலைந்து போட்டுகள் எர்ணாவூருக்கு நேராகத் தேடின. கடலோரக் காவல் போலீசுக்கும் சொல்லியிருந்தார்கள். ஃபோன் வரும்போதெல்லாம் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். "இங்க இல்ல. இன்னும் வடக்க போய்ப் பாக்குறோம்." அடுத்த ஃபோன்: "கேன் ரெண்டு மூணு கீது, அவன்து இல்ல." அதற்கடுத்தது: "இன்னும் இல்லக்கா." வெயில் உச்சிக்கு ஏறியது. தள்ளி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி மெல்ல ஒப்பாரியை ஆரம்பித்தாள். தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இப்ப அழுவுற? அவரு கேனை வுட மாட்டாரு. வாய மூடு."

அந்தப் பெண் நிறுத்திக்கொண்டாள். ஆனால் யாரோ ஒருவர், இனிமேல் தெற்கேதான் தேட வேண்டும், கரை ஒதுங்கும் என்று மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "ஒதுங்கும்" என்ற அந்தச் சொல். உயிரோடு இருக்கிற ஆளைப் பற்றிச் சொல்கிற சொல் அல்ல அது. அவள் காதில் விழுந்திருக்கக் கூடாதே என்று நினைத்துக்கொண்டு அவளைக் கொஞ்சம் தள்ளி, கல் சுவர் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

கல்லின் மேல் ஒருவர் கைத்தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பொழுது போகாமல் தினமும் மீன் பிடிக்க வருவாராம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல், துக்கம் கேட்கிற மாதிரி, எதையோ பேச வேண்டுமே என்று பேசினார்.

"கடலும் இன்னிக்கு ஒரு நெலையா இல்லம்மா. காத்தால நான் வந்து குந்தசொல்லோ தூண்டில வடக்க இஸ்த்துகினு போச்சி. எட்டு மணி கம்பெனி சங்கு ஊதிச்சா, அந்த நேரத்துக்குத்தான் திரும்பி தெக்க இஸ்க்க ஆரம்பிச்சிது. ஒரே பேஜாரு."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. இரண்டு அடி நடந்த பிறகுதான் நின்றேன்.

"அய்யா, இன்னா சொன்னீங்க? எட்டு மணி வரைக்கும் வெள்ளம் வடக்கயா போச்சி?"

"ஆமாம்மா. நல்லாவே இஸ்த்துச்சி."

உடனே தம்பியின் தோஸ்துக்கு ஃபோன் போட்டேன். "நீ எத்தனை மணிக்குக் கடல்ல எறங்குன?" என்று கேட்டேன். "எட்டரைக்கு மேலதான்க்கா, இன்னாக்கா?" என்றான். மற்றவர்களும் அப்படித்தான். அவர்கள் இறங்கியபோது வெள்ளம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதனால் காலையிலிருந்தே தெற்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "லைன்லயே இரு" என்று சொல்லிவிட்டு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

விரலால் ஒரு கோடு போட்டேன். போட்டைக் கண்டுபிடித்த இடம் பூஜ்யம். வடக்கு பிளஸ், தெற்கு மைனஸ். பத்து மணியிலிருந்து எட்டு மணிக்குப் பின்னால் போக வேண்டும். நேரம் மைனஸ் இரண்டு. அப்போது வெள்ளம் தெற்கே, மைனஸ் ஒன்று. பெருக்கினால் பிளஸ் இரண்டு. எட்டு மணிக்குப் போட் இரண்டு மைல் வடக்கே இருந்திருக்கிறது. இதுவரை அவர்கள் கணக்குச் சரி.

எட்டு மணியிலிருந்து ஏழு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் பின்னால். நேரம் மைனஸ்தான். ஆனால் வெள்ளம் வடக்கே, பிளஸ். பிளஸையும் மைனஸையும் பெருக்கினால் மைனஸ் ஒன்று. இரண்டோடு அதைச் சேர்த்தால் மிஞ்சுவது ஒன்று.

மூன்று மைல் இல்லை. ஒரே மைல்.

வகுப்பில் ஒரு குறி தப்பினால் அரை மதிப்பெண் குறைப்பேன். இங்கே அந்தக் குறியை மாற்றிப் போட்டால் என் தம்பி இரண்டு மைல் தள்ளிப் போய்விடுவான். நான் தப்பாகச் சொல்லி, தேடுகிறவர்களை நல்ல இடத்திலிருந்து கூப்பிட்டுவிட்டால்? ஒரு கிளிஞ்சலை எடுத்து ஒன்று என்ற இடத்தில் வைத்தேன். அதுதான் போட் என்று வைத்துக்கொண்டு நகர்த்தினேன். ஏழிலிருந்து எட்டு வரை வடக்கே, இரண்டுக்குப் போயிற்று. எட்டிலிருந்து பத்து வரை தெற்கே, இரண்டு இடம். பூஜ்யத்தில் வந்து நின்றது. போட் கிடைத்த இடம்.

தம்பி மனைவி என் தோளைப் பிடித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா அண்ணி?" என்றாள். ஒன்று என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். ஃபோனில்தான் சொன்னேன்.

"வெள்ளம் காத்தால வடக்க போயிருக்குடா. எட்டு மணிக்குத்தான் திரும்பியிருக்கு. போட்டு வடக்க போயிட்டு அப்பாலதான் தெக்க வந்திருக்கு. நீங்க ரொம்ப தூரம் போயிட்டீங்க. போட்டு கெடச்ச எடத்துலேர்ந்து ஒரு மைல்தான். ஒரே மைல்."

அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. நான் சொன்னது அவனுக்குப் புரியவில்லையோ என்று நினைத்தேன். ஆனால் அவன் மனசுக்குள் வெள்ளத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"அய்யோ, ஆமாக்கா" என்றான். "கரையில ரெண்டு பொகைக்கூண்டு ஒண்ணா தெரியிற எடம். அத்த தாண்டிதான் வேகமா வந்தோம். திருப்புறேன்க்கா."

அதற்குப் பிறகு காத்திருந்தோம். தம்பி மனைவியின் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது, வலிக்கவே இல்லை. கடலைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்த கடல்தான். துறைமுகத்துக்குப் போகிற கப்பல்கள் தூரத்தில் நின்றுகொண்டிருந்தன. இவ்வளவு பெரிய தண்ணீரில், விரலால் கிழித்த ஒரு கோட்டில் ஒன்று என்று நான் எழுதிய இடத்தில், ஒரு மனிதன் இருப்பானா? அப்படி இருந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம்! இல்லாவிட்டால்?

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். காற்று இரைச்சல். யாரோ யாரையோ கத்திக் கூப்பிடும் சத்தம். அப்புறம் தோஸ்தின் குரல், அழுகையும் சிரிப்புமாக.

"கீறான்க்கா! கேனைக் கட்டிப் புட்ச்சினு கீறான்! உசுரோட கீறான்க்கா!"

அதுவரை நின்றுகொண்டே இருந்த தம்பி மனைவி அப்போதுதான் மணலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஒப்பாரி வைத்த பெண்ணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

தம்பியைக் கரையில் இறக்கியபோது அவன் உதடு உப்புப் பூத்து வெளுத்திருந்தது. கேனைப் பிடித்த விரல்கள் மடங்கியபடியே இருந்தன, விரியவில்லை. கணுக்காலில் வலைக்கயிறு அறுத்த காயம். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது இதுதான்.

"இன்னாக்கா, இஸ்கூல் இல்லியா ஒனக்கு?"

அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு, சாயந்திரம் வீட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னான். வலையை இழுக்கும்போது ஒரு அலை தூக்கிப் போட்டதில் கால் வலைக்குள் மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டான். இடுப்புக் கத்தியால் வலையை அறுத்து மேலே வருவதற்குள் போட் எட்டாத தூரம் போய்விட்டது. கால் வீங்கி நீந்த முடியவில்லை. அறுந்த வலையைப் பிடித்துக்கொண்டே கேனுக்குப் போய்ச் சேர்ந்தான்.

"அது கூட பரவால்லக்கா. அப்பால ஒண்ணு நடந்திச்சி பாரு, அத்த நெனச்சாத்தான் கொல நடுங்குது" என்றான். "என் போட்டு வடக்க போச்சா, போய்க்கினே கீது, சின்னதா ஆயிடுச்சி. சரி, போச்சிடான்னு வுட்டுட்டேன். ரொம்ப நேரம் கழிச்சிப் பாத்தா, அது திரும்பி வருது. ஆளே இல்ல, எஞ்சினும் ஓடல, தானா என்னாண்ட வருது. சாமிதான் அனுப்பிச்சிக் கீதுன்னு நெனச்சேன். வந்துச்சி, எனக்கு நேரா வந்துச்சி, ஆனா தள்ளி. கைக்கு எட்டல. கத்துறேன். போட்டு கிட்ட கத்தி இன்னா ஆவும்? அப்டியே தாண்டி தெக்க போயிடுச்சி."

வீட்டில் எல்லாரும் "அய்யோ" என்றார்கள். எனக்கு மட்டும் மணலில் நகர்த்திய கிளிஞ்சல் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒன்றிலிருந்து இரண்டு. இரண்டிலிருந்து மறுபடி ஒன்று வழியாகப் பூஜ்யம். மறுபடி ஒன்று வழியாக! நான் விரலால் தள்ளியபோது சாதாரணமாகத் தாண்டிப் போன அந்த இடத்தில் என் தம்பி கழுத்தளவு தண்ணீரில் தொங்கிக்கொண்டு, தன் போட் தன்னைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். அப்போது மணி ஒன்பதாக இருந்திருக்க வேண்டும். அவனிடம் கடிகாரம் இல்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

நான்தான் அவனைக் காப்பாற்றினேன் என்று எங்கள் குப்பத்தில் இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது உண்மை இல்லை. வலையைக் கத்தியால் அறுத்தது அவன். கேனைத் தேடு என்று சொன்னது அவன் தோஸ்து. தூண்டில்காரர் பேச்சுக்குப் பேசியிராவிட்டால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது. தேடிப் போனவர்கள் திரும்பி வரும் வழியில் அவர்களே பார்த்திருக்கவும் கூடும். அவ்வளவு நேரம் அவன் கை தாங்கியிருக்குமா என்பதுதான் தெரியாது. அந்தக் கேள்வியை அவனும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தத் தூண்டில்காரரைப் பார்த்து நன்றி சொல்ல மறுநாள் தம்பி மனைவியோடு போனேன். அவருக்கு நாங்கள் எதற்கு நன்றி சொல்கிறோம் என்றே முதலில் புரியவில்லை. புரிந்ததும் தூண்டில் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து நின்றார். "நான் சும்மா சொன்னேம்மா" என்றார்.

தம்பி இப்போதும் கடலுக்குப் போகிறான், ஆனால் தனியாகப் போவதில்லை. நான் இப்போதும் அதே பாடத்தை நடத்துகிறேன், ஆனால் பலகையில் மைனஸ் என்று அந்தச் சின்னப் படுக்கைக் கோட்டைப் போடும்போதெல்லாம், மனிதர்கள் எங்கேயோ உட்கார்ந்து யோசித்து வைத்த ஒரு விதிக்கு அவ்வளவு பெரிய கடலும் கட்டுப்பட்டு முன்னும் பின்னும் நகர்ந்ததே என்ற மலைப்பில் என் கை ஒரு கணம் நின்றுதான் நகர்கிறது.